நெஞ்சு வலிக்கு முழு மார்க்

டாக்டர்: ஐயோ, அந்த ஸ்டூல் வேண்டாம் சார்! அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி வாங்க, என் நாற்காலியில உட்காருங்க.

வந்தவர்: அது உங்க நாற்காலி ஆச்சே டாக்டர்... நான் நோயாளி.

டாக்டர்: நோயாளிதான் சார் எங்களுக்கு எல்லாமே. வணக்கம். எங்க கிளினிக்குக்கு உங்களை அன்போட வரவேற்கிறோம். சிஸ்டர், சிரிங்க.

நர்ஸ்: எதுக்கு டாக்டர்?

டாக்டர்: சிரிங்கன்னா சிரிங்க.

நர்ஸ்: காலையிலதான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்காதேன்னு திட்டினீங்க...

டாக்டர்: அது காலையில. சார், இப்ப நான் கை கழுவப் போறேன். நல்லா பாருங்க. சோப்பு... தண்ணி... விரல் இடுக்கு... பார்த்தீங்களா?

வந்தவர்: பார்த்தேன். டாக்டர், எனக்கு நெஞ்சுல...

டாக்டர்: இருங்க, நகக்கண் பாக்கி இருக்கு. சிஸ்டர், துண்டு!

நர்ஸ்: துண்டுக்கு எங்க போறது? நீங்க எப்பவும் பேன்ட்லதானே துடைப்பீங்க.

டாக்டர்: சிஸ்டர் ரொம்ப தமாஷா பேசுவாங்க சார். அதுக்கும் மார்க் உண்டா?

வந்தவர்: என்ன மார்க்?

டாக்டர்: ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நீங்க நிதானமா சொல்லுங்க. நடுவுல நான் குறுக்கிடவே மாட்டேன்.

வந்தவர்: ஒரு வாரமா நெஞ்சு வலிக்குது டாக்டர். மாடிப்படி ஏறினா...

டாக்டர்: ஆஹா! நெஞ்சு வலி!

வந்தவர்: ...என்ன டாக்டர், சந்தோஷப்படறீங்க?

டாக்டர்: சந்தோஷம் இல்ல சார், அக்கறை. சிஸ்டர், நான் சொன்னேன்ல? தனியா வருவார், கையில காக்கிப் பை இருக்கும், நெஞ்சு வலிம்பார்... எல்லாம் அப்படியே பொருந்துதா?

நர்ஸ்: பொருந்துது. யாரு டாக்டர் இவரு?

டாக்டர்: சிரிங்க சிஸ்டர்.

வந்தவர்: நான் சாதாரண ஆளு டாக்டர். உண்மையாவே வலிக்குது.

டாக்டர்: வலிக்கட்டும் சார், தாராளமா வலிக்கட்டும். உங்க வேலையை நீங்க பாருங்க, என் வேலையை நான் பார்க்கிறேன். எங்க வலி?

வந்தவர்: இங்க, நடுவுல. யாரோ மேல உட்கார்ந்து அமுக்குற மாதிரி. இடது கை வரைக்கும் இழுக்குது. முன்னெல்லாம் வந்து வந்து போகும். இன்னிக்குக் காலையில இருந்து விடவே இல்ல.

டாக்டர்: பிரமாதம்! எங்க காலத்துல டாக்டர் பரீட்சைக்குக் கூட்டிட்டு வர்ற நோயாளிகூட இவ்வளவு ஒழுங்கா சொன்னதில்ல. வேர்க்குதா?

வந்தவர்: வேர்க்குது.

டாக்டர்: ஆமா, நெற்றியெல்லாம் முத்து முத்தா நிக்குது. ஃபேன் வேற ஓடுது. அதை எப்படி சார் வரவழைக்கிறீங்க? தனியா பயிற்சி குடுக்கிறாங்களா?

வந்தவர்: யாரு குடுக்கிறாங்க?

டாக்டர்: சரி, இனிமே கண்ணாமூச்சி எதுக்கு... வெளிப்படையா பேசுவோம். சுகாதாரத் துறை மாறுவேஷத்துல நோயாளிகளை அனுப்புதா இல்லையா? டாக்டர் வணக்கம் சொல்றாரா, கை கழுவறாரா, சிரிக்கிறாரா, முழுசா கேக்கறாரான்னு மார்க் போடறாங்களா இல்லையா? மார்க் குறைஞ்சா கிளினிக்குக்குப் பூட்டு. சரியா?

வந்தவர்: அது... பேப்பர்ல படிச்சேன்.

டாக்டர்: பேப்பர்ல படிச்சாராம்! சார், எங்க சங்கத்து வாட்ஸ்அப் குரூப்புல உங்க அங்க அடையாளம் வந்து நாலு நாள் ஆச்சு. முதல்ல கடைத்தெரு குழந்தை டாக்டர்கிட்ட போனீங்க. பெரிய மனுஷர் குழந்தை டாக்டர்கிட்ட நெஞ்சு வலின்னு போனா சந்தேகம் வராதா?

வந்தவர்: அவர் கிளினிக்தான் திறந்திருந்துச்சு...

டாக்டர்: அவர் என்ன பண்ணினார்?

வந்தவர்: வணக்கம் சொன்னார். பலூன் குடுத்தார்.

நர்ஸ்: பலூனா?

வந்தவர்: சிவப்பு பலூன். ஊதியே குடுத்தார்.

டாக்டர்: அப்புறம் கண் டாக்டர். அப்புறம் என் மச்சினன். அவனும் இதே தொழில்தான் சார், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கிளினிக். உங்க நடிப்பைப் பத்தி குரூப்புல ஒரே புகழ்ச்சி. “என்னமா மூச்சு வாங்கறார்யா மனுஷன்”னு எழுதியிருக்கான்.

வந்தவர்: உங்க மச்சினன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் பேசினார். ஆனா நாடி பார்க்கல.

டாக்டர்: நாடிக்கு மார்க் இல்லையே சார்.

வந்தவர்: இல்லதான்...

டாக்டர்: வியாதியைக் கண்டுபிடிச்சா?

வந்தவர்: அதுக்கும் கிடையாது. வேற ஏதாவது கேக்கணுமான்னு கடைசியில கேட்டா மட்டும்... ஐயோ.

டாக்டர்: மாட்டிக்கிட்டீங்களா! சிஸ்டர், பார்த்தீங்களா, வாய் விட்டுட்டார்!

நர்ஸ்: அப்ப நான் சிரிக்கிறதை நிறுத்தலாமா? தாடை வலிக்குது.

டாக்டர்: இப்பதான் சிஸ்டர் இன்னும் நல்லா சிரிக்கணும். சார், மனசுல வெச்சுக்காதீங்க. நீங்களும் சம்பளக்காரர். உங்களைச் சொல்லி என்ன... அந்தக் கமிட்டியைச் சொல்லணும். இந்த மார்க் திட்டத்தைப் போட்ட கமிட்டியில ஒரு டாக்டராவது உண்டா?

வந்தவர்: ஓட்டல் நடத்தறவர் ஒருத்தர் இருக்கார். விமானக் கம்பெனியில சிரிக்கச் சொல்லிக் குடுக்கிற அம்மா ஒருத்தங்க...

டாக்டர்: அதானே பார்த்தேன். சரி, என் மச்சினனுக்கு எவ்வளவு போட்டீங்க?

வந்தவர்: அதைச் சொல்லக் கூடாது.

டாக்டர்: வாய்ல சொல்ல வேண்டாம், கண்ணைக் காட்டுங்க. தொண்ணூறுக்கு மேலயா? ...அடப்பாவி! கல்யாண வீட்டுல என்னைப் பார்க்கிறப்போ அந்தத் திமிரு வேற இருக்கும். விட மாட்டேன். சிஸ்டர், ஈசிஜி மெஷினை எடுங்க.

நர்ஸ்: அது மேல காலண்டர் கட்டு அடுக்கியிருக்கு டாக்டர்.

டாக்டர்: இறக்கி வைங்க.

வந்தவர்: என்ன காலண்டர்?

டாக்டர்: உங்க துறை அனுப்பினதுதான். பிரஷர் பார்க்கிற கருவி வேணும்னு சங்கத்துல இருந்து மனு மேல மனு போட்டோம். காலண்டர் வந்துச்சு. மாசா மாசம் அமைச்சர் சிரிக்கிறார். கட்டில்ல படுங்க சார். சட்டை பொத்தானைக் கழட்டிக்கோங்க.

வந்தவர்: நெஜமாவே ஈசிஜி எடுக்கப் போறீங்களா?

டாக்டர்: மெஷின் வெச்சிருக்கேன்னு நீங்க பார்க்கணும்ல? என் மச்சினன்கிட்ட இருக்கிறது ஓடாது.

வந்தவர்: ...எடுங்க டாக்டர். எடுத்துப் பாருங்க.

நர்ஸ்: கொஞ்சம் சில்லுனு இருக்கும்... கையைத் தளர்த்தி விடுங்க. டாக்டர், இவர் கை ஜில்லுனு இருக்கு.

டாக்டர்: ஏசி கார்ல வந்திருப்பார்.

வந்தவர்: நடந்துதான் வந்தேன். சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு.

டாக்டர்: அருமை. அசையாதீங்க. சார், அமைச்சர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அவர் படத்தை எல்லாக் கிளினிக்லயும் கண்ணுக்கு நேரா மாட்டணும்னு ஆணை. எனக்கு இருக்கிறது இந்த ஒரு சுவர். அதுல இதயத்தோட படம் இருந்துச்சு, ரத்தக் குழாய் எல்லாம் கலர் கலரா. இப்ப நோயாளிக்கு விளக்கணும்னா அமைச்சர் மூஞ்சியைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கு.

வந்தவர்: அவருக்குப் பின்னாடிதான் இதயம் இருக்கா?

டாக்டர்: இருக்கு சார். வெளியில தெரியாது. சிஸ்டர், ஓட விடுங்க.

நர்ஸ்: ஓடுது டாக்டர்.

வந்தவர்: இதையெல்லாம் எதிர்த்து உங்க சங்கம் ஒண்ணும் பண்ணலையா?

டாக்டர்: பண்ணலையாவா? கறுப்புப் பட்டை கட்டணும்னு தீர்மானம் போட்டோம். வலது கையிலயா, இடது கையிலயான்னு அடிதடி ஆகி சங்கம் ரெண்டா உடைஞ்சுது. அப்புறம் கோட்டுக்கு உள்ள கட்டிக்கலாம்னு ராசியானோம்.

வந்தவர்: உள்ள கட்டினா யாருக்குத் தெரியும்?

டாக்டர்: எங்களுக்குத் தெரியுமே. போன வாரம் முழுக்க ஊர்ல அத்தனை டாக்டரும் உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டு வெளியில சிரிச்சுக்கிட்டு... கறுப்புப் பட்டையை... அந்தப் பட்டையை...

நர்ஸ்: டாக்டர்?

வந்தவர்: என்ன டாக்டர், பாதியில நிறுத்திட்டீங்க?

டாக்டர்: சிஸ்டர்... மாடி ஜன்னலைச் சாத்திட்டு வாங்க.

நர்ஸ்: ...இப்பவா டாக்டர்?

டாக்டர்: இப்பவே. மழை வர்ற மாதிரி இருக்கு.

நர்ஸ்: ரெண்டு கதவையுமா?

டாக்டர்: ரெண்டையும். ஓடுங்க.

வந்தவர்: வெளியில வெயில் அடிக்குதே.

டாக்டர்: எங்க ஊர் வெயிலை நம்ப முடியாது சார். ஆமா, வயித்துப் புண், ரத்தக் கசிவு ஏதாவது உண்டா? எந்த மாத்திரையாவது ஒத்துக்காம போயிருக்கா?

வந்தவர்: இல்ல.

டாக்டர்: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

வந்தவர்: இல்ல டாக்டர். ஏன்?

டாக்டர்: இந்தாங்க. இதைக் கடிச்சு மென்னு முழுங்குங்க. இந்த ரெண்டையும் தண்ணியோட போடுங்க.

வந்தவர்: எதுக்கு?

டாக்டர்: வந்தவங்களுக்கு மாத்திரை குடுத்து உபசரிக்கிறது எங்க வழக்கம். மெல்லுங்க.

வந்தவர்: கசக்குது... நீங்க இப்ப சிரிக்கவே இல்லையே டாக்டர்.

டாக்டர்: சிரிக்கிறேனே. உங்க பக்கம் தெரியல. எழுந்திருக்காதீங்க!

வந்தவர்: இல்ல, நான் கிளம்பறேன். இன்னும் ரெண்டு கிளினிக் பாக்கி இருக்கு.

டாக்டர்: இருக்கட்டும் சார், ஓடியா போகப் போகுது. எங்க குறையை நீங்க முழுசா கேக்கலையே. பூட்டு விஷயம் சொன்னேனா? கண்ணாடிக் கதவு விஷயம்? ஒருத்தர் ஜுரத்துக்கு வந்தார். ரெண்டு நாள்ல சரியாகும்னேன். மறுநாளே அவர் தம்பி, சித்தப்பா, சித்தப்பாவோட சகலை எல்லாரும் வந்து கதவை உடைச்சாங்க. ஒரு நாள் பொறுக்கலாம்ல?

வந்தவர்: டாக்டர், ஒத்துக்கறேன். நான் துறை ஆளுதான். போதுமா? எனக்கு ஒண்ணுமே இல்ல. எல்லாம் நடிப்பு. உங்களுக்கு முழு மார்க். மச்சினனைவிட அதிகம். ஒயரைக் கழட்டுங்க.

டாக்டர்: முழு மார்க் எனக்குப் பத்தாது. படுங்க.

வந்தவர்: நடிப்புன்னு சொல்றேன்ல!

டாக்டர்: சத்தம் போடாதீங்க. மெல்ல மூச்சு விடுங்க. மெல்ல... அப்படித்தான்.

நர்ஸ்: டாக்டர், ஜன்னல் சாத்தியாச்சு. ஆனா... காத்து வர நேரம் ஆகுமாம். அமைச்சர் விழாவுல நிக்குதாம்.

டாக்டர்: நாசமாப் போக! அங்க எதுக்கு?

நர்ஸ்: மேடை உயரமாம். யாராவது தவறி விழுந்தாலும்னு நிறுத்தி வெச்சிருக்காங்களாம்.

வந்தவர்: காத்து எதுக்கு அமைச்சர் விழாவுல நிக்கணும்?

டாக்டர்: அது... கோடைக் காத்து...

வந்தவர்: டாக்டர். நான் உள்ள வரும்போது கட்டடத்தைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். அதுக்கும் மார்க் உண்டு. இந்தக் கிளினிக்குக்கு மாடியே இல்ல. மாடி ஜன்னல்னா என்ன?

டாக்டர்: சிஸ்டர், நீங்க திரும்பப் போன் பண்ணுங்க. பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில சொல்லி வைங்க. போங்க.

வந்தவர்: ஆம்புலன்ஸா?

டாக்டர்: ஆம்புலன்ஸ்தான்.

வந்தவர்: யாருக்கு?

டாக்டர்: இந்த ரூம்ல படுத்திருக்கிறது ஒருத்தர்தானே சார்.

வந்தவர்: நேரடியா சொல்லியிருக்கலாம்ல...

டாக்டர்: போன மழைக்காலத்துல ஒருத்தர்கிட்ட நேரடியா சொன்னேன். எழுந்தார், வீட்டுக்குப் போய்ச் சாவியைக் குடுத்துட்டு வந்துடறேன்னு பைக்கை எடுத்தார். தெரு முனைகூடத் தாண்டல. அன்னியில இருந்துதான் எனக்கும் சிஸ்டருக்கும் நடுவுல ஆம்புலன்ஸுக்கு மாடி ஜன்னல்னு பேர். உங்களைக் கட்டில்ல வெச்சிருக்கணும். அதுக்குத்தான் கறுப்புப் பட்டை, கண்ணாடிக் கதவுன்னு வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

வந்தவர்: அவ்வளவும் பொய்யா?

டாக்டர்: அது அத்தனையும் நெஜம். மழை மட்டும்தான் பொய்.

வந்தவர்: அந்த மாத்திரை?

டாக்டர்: ரத்தம் உறையாம இருக்க. இங்க பாருங்க. இந்தக் கோடு கீழ இறங்கணும். உங்களுக்கு மேலயே நிக்குது. ஒரு குழாய் அடைச்சிருக்கு. இப்பவே போனா திறந்து விட்டுடுவாங்க. நீங்க நடிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும் சார். உங்க இதயத்துக்கு யாரும் சொல்லலை போல. பயப்படாதீங்க. நானும் கூடவே வண்டியில வரேன். வீட்டுல யாருக்குச் சொல்லணும்?

வந்தவர்: சம்சாரத்துக்குச் சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க, அவ பயந்த சுபாவம். பொண்ணுக்குப் பரீட்சை நடக்குது, அவளுக்கு வேண்டாம். துறைக்கு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்... உங்க காலைப் பிடிக்கிறேன்.

டாக்டர்: ஏன், உங்க துறைதானே? சுகாதாரத் துறை!

வந்தவர்: அதான் பயம். நான் ஒப்பந்த ஆளு. போன மாசம் எங்க ஆளு ஒருத்தர் மயக்கம்னு லீவு கேட்டார். நோயாளியா நடிக்க உடம்பு நல்லா இருக்கணுமாம். தகுதி இல்லன்னு மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

டாக்டர்: உடம்பு சரியில்லாதவன் நோயாளியா இருக்கக் கூடாதா? யாரு, அந்த ஓட்டல்காரர் யோசனையா?

வந்தவர்: வைத்தியத்துக்குன்னு எந்த டாக்டர்கிட்ட போனாலும் துறை குடுத்த மருத்துவக் கார்டைக் காட்டணும், அந்த நம்பர் துறைக்குப் போயிடும். இந்த மாதிரி மார்க் போடப் போறப்போ மட்டும்தான் கார்டு வேண்டாம்...

நர்ஸ்: டாக்டர், வண்டி கிளம்பிடுச்சு! கடைத்தெரு தாண்டிட்டாங்களாம்.

டாக்டர்: விழாவுல இருந்தா? எப்படி விட்டாங்க?

நர்ஸ்: நோயாளின்னு சொன்னா காத்திருக்கச் சொன்னாங்க. துறை அதிகாரிக்கு மார்க் போடறப்போ கால் சுளுக்குன்னேன். சைரன் போட்டுக்கிட்டு வர்றாங்க.

டாக்டர்: சிஸ்டர், உங்களுக்குத்தான் முழு மார்க். என் பையை எடுங்க. வெளியில இருக்கிறவங்களைச் சாயந்திரம் வரச் சொல்லுங்க. சார், இப்ப வலி எப்படி?

வந்தவர்: இருக்கு. ஆனா இப்ப கொஞ்சம் தைரியமா இருக்கு.

டாக்டர்: நான் ஒண்ணு சொல்லிடறேன். மச்சினனைத் தாண்டணும்னுதான் அந்த மெஷினை எடுக்கச் சொன்னேன். அந்தப் பொறாமை மட்டும் இல்லன்னா உங்களுக்கு ஒரு வணக்கம், ஒரு சிரிப்பு... அனுப்பி வெச்சிருப்பேன். வெட்கமா இருக்கு சார்.

வந்தவர்: நீங்களாவது ஒயரை மாட்டினீங்க. மத்தவங்க பலூன்தான் குடுத்தாங்க.

டாக்டர்: சைரன் கேக்குது. அசையாம இருங்க. பிழைச்சு வந்ததும் உங்க துறையில ஒண்ணு சொல்லுங்க. ஆளுங்களுக்கு வேற ஏதாவது வியாதி சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க. எப்பப் பாரு நெஞ்சு வலி, நெஞ்சு வலின்னா யாரு நம்புவாங்க?

வந்தவர்: துறையில எனக்குச் சொல்லிக் குடுத்தது முட்டி வலிதான் டாக்டர்... நெஞ்சு வலி என்னோட சொந்தம்.